பிரிக்காத பொட்டலம்

கோயிலில் தேங்காய் உடைக்கிற நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டும். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் இமை தட்டாமல் பூசாரியின் கையில் இருக்கிற தேங்காயையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே நல்ல காயா, அழுகலா, பூ வைத்திருக்கிறதா என்று தெரிகிற வரைக்கும் அவருக்கு மூச்சே ஓடாது. உடைந்துவிட்டால் போதும். அது எப்படி இருந்தாலும் சரி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடுவார். திருநீறு வாங்கக்கூட நிற்க மாட்டார். பக்தி இல்லாத மனுசன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்தக் கோயிலில் அவரைப்போல மனதை ஒரே இடத்தில் நிறுத்தியவர்கள் வேறு யாரும் இல்லை என்றுதான் தோன்றும்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாமக்கல் பக்கம் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். அதை நான் வேறு எதற்குக் கிளப்பிவிட வேண்டும்?

எனக்குத் திருச்செங்கோட்டில் ஒரு நூல் கடையில் வேலை. அக்காவை நாமக்கல் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். சந்தை கூடுகிற நாட்களில் அக்காவிடமிருந்து ஆள் வரும். வந்த ஆள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. முதலாளியே என்னைப் பார்த்து, "கெளம்புங்க, மாமனைக் கூட்டியார நேரமாச்சு" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அக்கா எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள்; அவள் கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியாது.

மாமா எங்கே இருப்பார் என்று தேடவும் வேண்டாம். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஒரு பனந்தோப்பு. அங்கே வட்டமாக உட்கார்ந்து "உள்ளே வெளியே" ஆடிக்கொண்டிருப்பார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவன் ஒரு சீட்டைச் சொல்லுவான். சீட்டுக்கட்டை வைத்திருப்பவன் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சீட்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவனுக்கு ஜெயம். மூளைக்கு வேலையே கிடையாது. பனை நிழல் நகர நகர அந்தக் கூட்டமும் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும்.

"நடங்க மாமா, ஊட்டுக்குப் போலாம்."

"உங்கக்கா சொல்லி உட்டாளா? இரு மாப்ள, இந்த ஒரு கை."

அந்த ஒரு கைக்குப் பிறகு இன்னொரு கை இருக்கும். நான் பனையில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பேன். நின்று நின்று என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

சூதாடுகிறவர்கள் பணத்தாசை பிடித்தவர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாமாவோடு அத்தனை தூரம் நடந்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. தோற்றுவிட்டு வருகிற நாளில் அவர் முகம் தெளிவாக இருக்கும். வழியெல்லாம் வாய் ஓயாது. "வந்துட்டே இருந்துச்சு மாப்ள. அடுத்த சீட்டு அதுதான். ஒரே ஒரு சீட்டு முந்தி வந்திருந்தா?" என்று கையை விரித்துக் காட்டுவார். ஒரேயடியாகத் தோற்றால்கூட அவருக்கு மறந்துவிடும். மயிரிழையில் போனதுதான் மறுபடியும் அவரை அந்தத் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஜெயித்துவிட்டு வருகிற நாள்தான் மோசம். பொங்கலுக்கு மறுநாள் ஒரு சேவல் சண்டையில் அவர் பந்தயம் கட்டிய சேவல் ஜெயித்தது. தோற்ற சேவலை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல கனமான சேவல். அக்காவின் அடுப்பில் அது கொதிக்கிறதை நினைத்துக்கொண்டே நான் நடந்தேன். மாமா இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பாதி வழியில் மோர் விற்கிற ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்தவர் சேவலை அவள் மடியில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

"என்னுங்க மாமா இது! அக்கா ஊட்டுல கொழம்புக்கு ஒண்ணுமில்லீங்க!"

"அட, போனாப் போவுது மாப்ள. அது முடிஞ்சு போச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அன்றைக்குக் கொள்ளு ரசம்தான் வைத்திருந்தாள்.

இன்னொரு தடவை குடையைத் தோற்றுவிட்டு நின்றார். கொல்லிமலை மேல் மேகம் கறுத்திருந்தது. பொழுது இறங்குவதற்குள் சந்தைப்பேட்டைக்கு மழை வரும் என்று இவர் பந்தயம் கட்டினார். வரவில்லை. குடையைக் கொடுத்துவிட்டு இருவரும் ஊருக்கு நடந்தோம். ஊர் எல்லையைத் தொடுவதற்குள் பிடித்ததே ஒரு மழை! மேல்துண்டு, வேட்டி, நான், என் கோபம், எல்லாம் நனைந்து போயிற்று. மாமா நடுச்சாலையில் நின்று முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, வந்துச்சு பாரு! கொஞ்ச நேரம் முந்தி வந்திருந்தா நாந்தான்!" என்றார். அப்படி ஒரு மனுசனை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

அந்த மழையில்தான் நான் கேட்டேன். "ஏனுங்க மாமா, எதுக்குங்க இத்தனையும்? சொத்து சேர்க்கணும்னும் உங்களுக்கு இல்ல. சேர்ந்தாலும் எடுத்துக் குடுத்தர்றீங்க."

"காத்தால எந்திரிச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள. மாட்டைப் புடிக்கோணும், சோளக்கொல்லைக்குப் போவோணும், பொழுதோட வரோணும், கூழக் குடிச்சுப்போட்டுப் படுக்கோணும். செத்தா எந்த எடத்துல பொதைப்பாங்கன்னுகூடத் தெரியும். அந்தச் சீட்டு ஒண்ணுதான் எனக்குத் தெரியாது. அது திரும்பற வரைக்கும் எல்லாமே நம்மளுதாட்டம் இருக்குது. திரும்பிட்டா அது வெறும் சீட்டு."

எனக்கும் தினமும் நூல் கண்டு எண்ணுகிற வேலைதான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் ஆட்டத்தில் கள்ளத்தனம் பண்ணியவர் இல்லை. எதிராளியின் சீட்டு தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டால்கூட, "எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, மறுக்காப் போடுங்க" என்று சொல்லிவிடுவார். முன்பே தெரிந்துகொண்டு ஆடுகிறவனைக் கண்டால் அவருக்கு அருவருப்பு. அதனால் தோப்பில் புதுக்கட்டு எடுத்தால் கலைக்கிறதற்கு மாமா கையில்தான் கொடுப்பார்கள். சொந்தப் பெண்டாட்டியின் காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனவர்தான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவர் கைக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா தாயக்கட்டையைக்கூடத் தொட மாட்டாள். பிள்ளைகள் புளியங்கொட்டை வைத்து ஒற்றையா இரட்டையா விளையாடினாலே விரட்டி அடிப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மேட்டாங்காட்டில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் ஒரு கிணறு வெட்டித் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் வந்தால் சோளம் போட்ட இடத்தில் நெல் போடலாம், புருசனும் தோப்புப் பக்கம் போகாமல் மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு வீட்டோடு கிடப்பார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

எங்கள் பக்கம் இப்படி ஒரு காரியம் தொடங்கினால் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. எடுக்காத பொட்டலத்தை வீட்டார் கேட்டாலொழிய யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரிலோ கிணற்றிலோ போட்டுவிடுவார்கள்.

அக்கா முதல் தடவை கேட்டபோது வெள்ளை வந்தது. வெட்டினார்கள். ஆள் மறைகிற ஆழத்திலேயே பாறை தட்டியது. அடுத்த வருசம் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வெள்ளை. பாறையில் மருந்து கெட்டித்து வெடி வைத்தார்கள். அக்காவிடம் மிச்சமிருந்த நகையெல்லாம் புகையாகப் போயிற்று. கடைசியில் பாறை இடுக்கில் ஒரு ஈரம் கசிந்தது. ஒரு செம்பு முகந்தால் மறுபடி ஊறுவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஈரம் வராமலே இருந்திருக்கலாம். வறண்ட பாறையாகவே இருந்திருந்தால் அக்கா தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். இப்போது அவள் தினமும் கிணற்று மேட்டுக்குப் போய்க் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

"இன்னும் ஒரு மட்டம் வெட்டுனாப் போதும் தம்பி. ஊத்து அங்கதான் நிக்குது. எனக்குச் சத்தம் கேக்குது."

"வெட்டுறதுக்கு இனி என்னக்கா இருக்குது?"

"மாடு இருக்குதல்ல, ஒரு சோடி."

நான் திகைத்துப் போய்விட்டேன். "மாட்டை வித்துக் கெணறு வெட்டிப்போட்டு, வந்த தண்ணிய எதைப் பூட்டி எறைப்பீங்க?"

"தண்ணி வந்தா மாடு தானா வரும்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்போது அவள் கண்ணைப் பார்த்தேன். இமை தட்டவில்லை. தேங்காய் உடைக்கிற இடத்தில் நான் பார்த்த கண் அது. ஒருவரைத் தோப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்கே என் காலம் போகிறது. இவளை எந்தத் தோப்பிலிருந்து இழுப்பது?

மாமாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"உங்கக்காளுக்குப் புடிச்சுப்போச்சு மாப்ள."

"என்னதுங்க?"

"எனக்குப் புடிச்சது."

"நீங்கதான் சொல்லிப் பாக்கறது?"

"நாஞ் சொன்னா அவ கேப்பாளா? நீ இத்தன வருசமாச் சொன்னயே, நாங் கேட்டனா?" என்று தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு களைத்த முகத்தோடு அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடும் வண்டியும் வைத்திருந்தவர்களுக்கு அங்கே கல் இழுக்கிற வேலை கிடைத்தது. எங்கள் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாடு கையில் இருந்தால் அக்கா குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. மாடு போய்விட்டால் வெடித்த பாறையையும் அந்த ஒரு செம்பு ஈரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் சொன்னேன், பங்காளிகள் சொன்னார்கள். அக்கா, "அம்மன் சொல்லட்டும்" என்று ஒரே பிடியாக நின்றாள். மூன்றாவது தடவை பூக் கேட்பதற்கு நாள் பார்த்தார்கள்.

அன்றைக்கு முற்பகலில் வண்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். மாடுகளை அவிழ்த்து எதிரே இருந்த வேம்பில் கட்டினோம். பூசாரிக்கு வயதாகிவிட்டது, கண்ணில் புரை விழுந்திருந்தது. முந்தின வாரம்தான் ஒரு வீட்டுக்குப் பூக் கட்டும்போது நூல் சரியாகச் சுற்றாமல் பொட்டலம் தானாகப் பிரிந்துகொண்டு பெரிய சச்சரவாகிவிட்டதாம். அவர் கையை விரித்துவிட்டார்.

"என்னால ஆவாதுங்க. வேற ஆராச்சும் கட்டிக் குடுங்க."

யார் கட்டுவது? நான் கட்டினால் மாட்டுக்குச் சாதகமாகக் கட்டிவிடுவேன் என்று அக்கா நினைப்பாள். பங்காளிகள் மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பூசாரியே சொன்னார்: "அட, இவுரு இருக்கறாரல்ல. ஆடறவருதான், ஆனா கையி சுத்தமான கையி."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அக்கா ஒரு நிமிசம் யோசித்தாள். இந்த மனுசன் எதையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை, கிணறு என்றால் இவருக்கும் ஆட்டம்தானே என்று அவளுக்குப் பட்டிருக்கும். சரி என்று தலையை ஆட்டினாள்.

மாமா அரளிச் செடிக்குப் போய்ப் பூப் பறித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் எரிந்தது. அக்கா கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கும்பிட்டுவிட்டு இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். நூலைப் பிரித்தாள். நாங்கள் எல்லாரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வரளி.

அக்கா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மாமா அடுத்த பொட்டலத்தை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஊர் திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தி, மேட்டாங்காட்டுக் கிணற்றில் அதைப் போட்டுவிட்டு வந்தார். அந்த மாதமே வண்டியில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு மேட்டூர் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. மேட்டூரிலும் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு மரம் இருந்தது, அதன் நிழலில் ஒரு வட்டம் இருந்தது. நான் பஸ் ஏறிப் போய் அங்கேயும் நின்றேன். ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் பட்டது. சீட்டுக்கட்டைக் கலைக்கச் சொல்லி யாராவது நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேற ஆருகிட்டயாச்சும் குடுங்க. என்ற கையி சுத்தமில்லீங்க" என்றார். வேலைக்காட்டுப் புழுதியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல் இழுத்தார், மண் இழுத்தார். அணை முடிந்த பிறகு அங்கேயே வாடகைக்கு வண்டி ஓட்டினார். தங்கள் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள். பெரிய வாழ்வு இல்லை. ஆனால் அடுப்பு அணையாமல் எரிந்தது. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்த ஒரு வருசம், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு நான் இரண்டு நாள் தங்கினேன். அக்கா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சோடியில் ஒன்று செத்து ஒன்று மிஞ்சியிருந்தது. அதற்கும் பல் போய்விட்டது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்குப் பூக் கேட்டமல்ல தம்பி. ரெண்டு பொட்டணத்துலயும் செவப்புத்தான் இருந்துச்சு."

"மாமா சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. சாவற வரைக்கும் சொல்லல."

"அப்பறம் உனக்கெப்படித் தெரியும்?"

"நூலைப் பிரிச்சதும் நிமுந்து பாத்தேன். நீங்க அத்தன பேரும் என்ற கையவே பாத்துட்டு நின்னீங்க. அவரு மட்டும் அக்கட்டால திரும்பி, மாட்டைப் பாத்துட்டு நின்னாரு."

அடைகாத்த முட்டை பொரிந்தாலும், யாரோ பலாப்பழத்தை அறுத்தாலும் கண் கொட்டாமல் நிற்கிற மனுசன். உள்ளே இருப்பது தெரியாத ஒரு பொருள் எதிரே இருக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் திரும்பி நின்றதை நாங்கள் பத்துப் பேர் கவனிக்கவில்லை. அவரோடு குடும்பம் நடத்தியவள் கவனித்திருக்கிறாள்.

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா. இன்னொண்ணையும் பிரிங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு சாமி." தீனியை மாட்டின் வாய்க்கு அருகே தள்ளி வைத்தாள். "கேட்டிருந்தா அப்பவே வெள்ளையையும் செவப்பையும் மறுக்கா வெக்கச் சொல்லியிருப்பேன். வெள்ளை வந்திருந்தா மாடு போயிருக்கும். அதுக்கப்பறம் தாலியும் போயிருக்கும். எனக்கும் நிறுத்தத் தெரியல. ஆராச்சும் கையப் புடிச்சுக்க மாட்டாங்களான்னு நெம்ப நாளா இருந்துச்சு."

மாடு மெதுவாக அசை போட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவுமில்லாம, அந்த மனுசன் அத்தன வருசம் ஆடி ஒரே ஒரு தடவதான் செயிச்சாரு. அதப் போயி நான் பிரிச்சுப் பாக்கறதா?"